வேக வரம்பைத் தாண்டிய சிறு விமானம்: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் சிறு விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்து சேரும் பழுது எஞ்சினிலோ சக்கரத்திலோ வருவதில்லை. பயிற்சிப் பறத்தலை முடித்துவிட்டுச் சாவியை நீட்டும் இளம் விமானி ஒருவர், "அண்ணே, கொஞ்சம் வேகம் கூடிப்போச்சு, ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்று தயங்கிக் கேட்பதில்தான் அது தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. விமானத்தைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். எதைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துக்கொண்டு உரிமம் பெற்ற பொறியாளரைக் கூப்பிடுவது என்பவற்றை, பறக்கப் பழகுவோருக்கும், கூட்டாக ஒரு விமானத்தை வைத்திருப்போருக்கும், எஸ்ஏஆர்-66 என்னும் விமானப் பராமரிப்பு உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைய தொழில்நுட்பர்களுக்கும் இங்கே எழுதுகிறேன்.

கீழே வரும் எண்கள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கு உரியவை. அதில் எப்போதும் தாண்டக்கூடாத வேகம், அதாவது வேகமானியின் சிவப்புக் கோடு, 163 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). அமைதியான காற்றில் மட்டுமே போகலாம் என்னும் மஞ்சள் வளையம் 129 நாட்டில் தொடங்குகிறது. ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகை) 10 பாகை இறக்கினால் 110 நாட், அதற்கு மேல் இறக்கினால் 85 நாட் என்பது வரம்பு. உங்கள் விமானம் வேறு வகையானால், அதன் கையேட்டில் உள்ள எண்ணே செல்லும். என் எண்ணை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

அடுத்த பறத்தலை நிறுத்துங்கள். அடுத்த மாணவர் காத்திருக்கிறார் என்பதோ, மாலைக்குள் ஜோகூர்ப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும் என்பதோ இங்கே ஒரு காரணமாகாது. பிறகு, நினைவு மங்குவதற்குள் ஐந்து செய்திகளை டெக் லாக் எனப்படும் விமானப் பதிவேட்டில் எழுதுங்கள்: முள் எட்டிய உச்ச வேகம், அந்த வேகத்தில் எத்தனை விநாடி இருந்தது, அப்போது ஃபிளாப் எந்த நிலையில் இருந்தது, விமானத்தின் எடை எவ்வளவு, மூக்கை எவ்வளவு வேகமாக இழுத்து நிமிர்த்தினீர்கள். இவற்றுள் கடைசிச் செய்தியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டகத்துக்குச் சேதம் விளைவிப்பது பெரும்பாலும் அதுதான். விமானத்தில் ஜி1000 கருவித்தொகுதி இருந்தால், அதன் எஸ்டி அட்டையை அப்போதே எடுத்து நகல் செய்யுங்கள். விநாடிக்கு ஒருமுறை மட்டுமே அது பதிவதால், இரண்டு பதிவுகளுக்கு இடையில் வந்துபோன உச்சம் அதில் அகப்படாது என்பதை மறக்க வேண்டாம். அட்டை 161 என்று காட்டினால் 163-ஐத் தொடவே இல்லை என்று பொருளாகாது.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வழக்கமான சோதனைக்காக ஃபிளாப்பை இறக்கியபோது இடப்பக்க உருளையின் புஷ் (உள்வளையம்) நசுங்கியிருப்பதையும், ரிவெட் வரிசை ஒன்றைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்திருப்பதையும் கண்டோம். பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. விசாரித்தபோது, பல வாரங்களுக்கு முன் ஒரு மாணவர் ஃபிளாப் முழுதும் இறங்கிய நிலையில் 100 நாட்டைத் தாண்டியதும், திட்டு விழும் என்று அஞ்சிச் சொல்லாமல் விட்டதும் தெரிய வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதே விமானத்தில் ஏறிப் பறந்திருக்கிறார்கள். அந்த மாணவரை நான் குறை சொல்லவில்லை. வந்து சொல்பவரை முகம் சுளிக்காமல் வரவேற்கும் பொறுப்பு எங்களுடையது. அன்று முதல் அதைக் கடைப்பிடித்து வருகிறேன்.

"வடிவமைப்பாளர் 50 விழுக்காடு கூடுதல் வலு வைத்திருப்பாரே" என்று சிலர் வாதாடுவார்கள். 172எஸ் தாங்க வேண்டிய வரம்புச் சுமை, ஃபிளாப் ஏறிய நிலையில் மேல்நோக்கி 3.8 ஜி (புவியீர்ப்பைப்போல் 3.8 மடங்கு), அதன் ஒன்றரை மடங்கு 5.7 ஜி. 3.8 வரை நிலையான வளைவு எதுவும் ஏற்படக்கூடாது, 5.7 வரை உடையக்கூடாது. இரண்டுக்கும் நடுவே வளையலாம் என்பதே விதியின் பொருள். அதாவது, விமானம் உங்களைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, மறுபடி பறக்கத் தகாததாக ஆகியிருக்கலாம். அந்த ஒன்றரை மடங்கில் தாராளமும் கிடையாது. ஏ380-இன் இறக்கையை 2006 பிப்ரவரியில் துலூசில் தரையில் வைத்து வளைத்துச் சோதித்தபோது, வரம்புச் சுமையின் 1.45 மடங்குக்கும் 1.5 மடங்குக்கும் இடையே அது உடைந்தது. இறக்கையை வலுப்படுத்திய பிறகே, 2007 அக்டோபரில், முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வசம் வந்தது. ஒன்றரை என்றால் ஏறத்தாழ ஒன்றரைதான், இரண்டு அல்ல. உலோகத்தின் தரவேறுபாடு, தயாரிப்பில் நேரும் சிறு பிசகு, ஆண்டுக்கணக்கான தேய்வு ஆகியவற்றுக்காக ஒதுக்கப்பட்ட இடைவெளி அது. அதிலிருந்து விமானி எடுத்துச் செலவழிக்க எதுவும் இல்லை.

அறிகுறி 1: ஃபிளாப் இறங்கிய நிலையில் வரம்பு வேகம் தாண்டியது

எங்களிடம் மிக அதிகமாக வருவது இதுதான். தரையிறங்காமல் மீண்டும் மேலேறும்போது ஃபிளாப்பை ஏற்ற மறப்பதும், சுற்றின் இறுதிக் கட்டத்தில் மூக்கைத் தாழ்த்தி உயரத்தைக் குறைக்க முயல்வதும் வழக்கமான காரணங்கள். 85 நாட்டுக்குப் பதில் 95 நாட்டில் பறந்தால் ஃபிளாப்பின் மேல் விழும் காற்றுச் சுமை ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுகிறது. 100 நாட்டானால் 38 விழுக்காடு. முள் சிறிதளவே நகர்ந்திருந்தாலும் சுமை அவ்வளவு கூடிவிடுகிறது.

*உண்மையிலேயே வரம்பு மீறப்பட்டதா?* செலவே இல்லாத கேள்வி இது. ஃபிளாப் காட்டியின் முள் 10-இல் நிற்கும்போது, வெளியே ஃபிளாப் எத்தனை பாகையில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். காட்டியின் சரிப்படுத்தல் பிசகியிருந்தால், 110 நாட் வரம்புக்குள் இருப்பதாக விமானி நம்பியிருப்பார். உண்மையில் 85 நாட் வரம்பில் இருந்திருப்பார். அப்படியானால் வரம்பும் மீறப்பட்டிருக்கிறது, காட்டியும் பழுதாகியிருக்கிறது.

*கண்ணாலும் கையாலும் பார்ப்பவை.* மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஃபிளாப்பை இறக்கிய நிலையில் இருபுறமும் பின்விளிம்பைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு ஆட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் 'டக் டக்' என்று சத்தம் வந்தால், தண்டவாளத்தில் ஓடும் உருளையின் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். பிறகு ஃபிளாப்பின் மேற்தகட்டில் அலைபோன்ற சுருக்கம் இருக்கிறதா என்று, கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேராக விளக்கடித்தால் சுருக்கம் கண்ணுக்குத் தெரியாது. ரிவெட் தலையைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்து, காற்று ஓடிய திசையில் வால்போல நீண்டிருந்தால், அந்த ரிவெட் தன் துளைக்குள் ஆடுகிறது என்று பொருள். அதைத் துணியால் துடைத்துவிட்டு வந்து சொல்லாதீர்கள். துடைக்காமல் படம் எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

*பொறியாளரிடம் விட வேண்டியவை.* இந்த வகைச் செஸ்னாவில் ஃபிளாப் மோட்டார் வலப்பக்க இறக்கைக்குள் இருக்கிறது; வலப்பக்க ஃபிளாப்பை அது நேரடியாகத் தள்ளுகிறது, இடப்பக்க ஃபிளாப்பைக் கேபிள் வழியாக இழுக்கிறது. ஆகவே சுமை கூடியபோது இரு பக்கங்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. கேபிளின் இறுக்கத்தை அளப்பது, தள்ளுகோல் வளைந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்ப்பது, தண்டவாளம் பொருத்தப்பட்ட இடத்தில் விரிசல் தேடுவது ஆகியவை உரிமம் உள்ளவரின் வேலை. ஒரு பக்க ஃபிளாப் இறங்கி மறுபக்கம் இறங்காமல் நின்றால் விமானம் உருளும். தரையை நெருங்கிய உயரத்தில் அதைச் சமாளிக்க நேரமிருக்காது.

அறிகுறி 2: முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது அல்லது தாண்டியது

*முதலில் முள்ளை நம்பலாமா என்று பாருங்கள்.* 1970-களின் நடுப்பகுதிக்கு முன் வந்த செஸ்னாக்களில் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். மைலில் 140 என்பது 122 நாட்தான். வேறொரு விமானத்தில் பழகிய கண் அதைத் தவறாகப் படிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்து, மாற்று நிலையழுத்தக் குமிழ் (வெளித்துளை அடைபட்டால் கேபினுக்குள்ளிருந்து அழுத்தம் எடுக்க உதவுவது) தற்செயலாக இழுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேபினுக்குள் அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதால், அது திறந்திருந்தால் வேகம் சில நாட் கூடுதலாகத் தெரியும்.

*ஏற ஏற வேகம் கூடுகிறது, இறங்க இறங்கக் குறைகிறது என்றால்,* பிட்டோ குழாய் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொடுப்பது) அடைபட்டிருக்கிறது. வேகமானி அப்போது உயரமானியைப்போல நடந்துகொள்ளும். மூடியிடாமல் நிறுத்தி வைத்த விமானத்தின் குழாயில் குளவி மண்ணை அப்பிக் கூடு கட்டிவிடுவது வெப்பநாடுகளில் வழக்கம். 1996 பிப்ரவரி 6 அன்று, டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து புறப்பட்ட போயிங் 757 ஒன்று, பிட்டோ குழாய் அடைபட்டதால் இல்லாத வேகத்தைக் காட்டி, விமானிகளைக் குழப்பி, கடலில் விழுந்து 189 பேரும் மாண்டார்கள். குளவிக் கூடே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று விசாரணை கருதியது. வேகம் கூடுகிறது என்று நம்பி மூக்கைத் தூக்கினால், உண்மையில் வேகம் வற்றிப்போகும். குழாயை வாயால் ஊதாதீர்கள், ஊசியாலும் குத்தாதீர்கள். இரண்டும் கருவிக்குள் இருக்கும் மெல்லிய பெட்டகத்தைக் கெடுத்துவிடும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து, கசிவுச் சோதனையும் செய்ய வேண்டியது பொறியாளர்.

*முள் சரி, வரம்பு உண்மையிலேயே மீறப்பட்டது என்றால்,* அங்கேயே உங்கள் வேலை முடிந்தது. சான்றிதழ் விதிப்படி, சிவப்புக் கோடு வடிவமைப்புப் பாய்ச்சல் வேகத்தின் (வடிவமைப்பாளர் கணக்கில் எடுத்த உச்சக் கீழ்ப்பாய்ச்சல் வேகம்) பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. 163-க்கு அந்தக் கணக்கைப் போட்டால் மேலே ஏறத்தாழ 18 நாட் இடைவெளிதான் கிடைக்கிறது. மூக்கு தாழ்ந்த நிலையில் அது மிகக் குறுகிய நேரத்தில் தீர்ந்துவிடும். பராமரிப்புக் கையேட்டின் 05-50 அத்தியாயத்தில், திட்டமிடாத சோதனைகள் என்ற தலைப்பின் கீழ், வேக மீறலுக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது. முன்கண்ணாடி, எஞ்சின் மூடி, கதவுப் பிடிகள், வால் பகுதியின் இணைப்புகள், எல்லா அசையும் பரப்புகளின் கீல்கள் ஆகியவற்றை அது வரிசையாகச் சொல்லும். அதன்படி பார்த்து ஒருவர் கையெழுத்திடும்வரை விமானம் தரையிலேயே இருக்க வேண்டும்.

மீறல் பெரும்பாலும் சுருள்பாய்ச்சலிலிருந்து, அதாவது சாய்ந்து சுற்றியபடி வேகமெடுத்துக் கீழே பாய்வதிலிருந்து, மீளும்போது நிகழ்கிறது. மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவைக்க விரும்புகிறேன்: எஞ்சின் விசையைக் குறையுங்கள், இறக்கைகளைச் சமன் செய்யுங்கள், அதன் பிறகே மூக்கை மெல்ல உயர்த்துங்கள். உருட்டிக்கொண்டே இழுத்தால், மேலேறும் இறக்கையின் மேல் சுமை கூடுதலாக விழுகிறது. விதிகளும் உருளும் நிலைக்கு முழு வரம்புச் சுமையின் மூன்றில் இரண்டு பங்கையே அடிப்படையாக வைக்கின்றன. அப்படி இழுத்துவிட்டீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், ஏனெனில் எந்தப் பக்க இறக்கையை முதலில் திறந்து பார்ப்பது என்பதை அதுதான் எங்களுக்குச் சொல்கிறது.

அறிகுறி 3: வேகம் கூடும்போது கட்டுப்பாட்டுச் சக்கரத்தில் அல்லது மிதிகளில் நடுக்கம்

என்னை உண்மையாகவே அச்சப்படுத்தும் அறிகுறி இது ஒன்றுதான். காற்றுச் சுமையும் பரப்பின் நெகிழ்வும் சேர்ந்து ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் படபடப்பு தொடங்கிவிட்டால், அது விநாடிகளில் பரப்பைப் பிய்த்தெறிந்துவிடும். ஆகவே வானில் இருக்கும்போதே நடுக்கத்தை உணர்ந்தால், விசையைக் குறைத்து, மூக்கை மெல்ல உயர்த்தி, வேகத்தை இறக்குங்கள். சக்கரத்தை உறுதியாகப் பிடித்திருங்கள், திடீரென இழுக்காதீர்கள். அருகிலுள்ள ஓடுபாதையில் இறங்குங்கள். "இன்னொருமுறை அந்த வேகத்துக்குப் போய்ப் பார்த்து உறுதிசெய்கிறேன்" என்று எவரும் எக்காரணத்தாலும் முயலக்கூடாது.

*எஞ்சின் சுழற்சியோடு நடுக்கம் மாறியதா, வேகத்தோடு மாறியதா?* விசையைக் குறைத்த கணத்திலேயே நடுக்கத்தின் தாளம் மாறியிருந்தால், புரொப்பெல்லர் விளிம்பில் கல் பட்ட வெட்டு, எஞ்சின் தாங்கியின் ரப்பர், புகைபோக்கியின் பிடி ஆகியவற்றைப் பாருங்கள். எஞ்சின் தாங்கியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1959 செப்டம்பரிலும் 1960 மார்ச்சிலும் இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்கள் நடுவானில் இறக்கை பிரிந்து விழுந்ததற்கு, எஞ்சின் பொருத்தும் அமைப்பின் விறைப்புக் குறைந்து, புரொப்பெல்லரின் சுழல் ஆட்டம் இறக்கைக்குப் பரவியதே காரணம் என்று கண்டறிந்தார்கள். அமைப்பு வலுப்படுத்தப்படும்வரை அந்த வகை விமானங்கள் அனைத்துக்கும் வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

*வேகத்தோடு மட்டும் மாறியது என்றால்,* எளியதிலிருந்து தொடங்குவோம். இருக்கை வாரின் முனை கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு விமானத்தின் உடலில் அடித்துக்கொண்டிருக்கலாம். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும், கதவைத் திறந்தால் தீர்ந்துவிடும். எஞ்சின் மூடியின் தாழ் தளர்ந்திருக்கலாம். சோதனை மூடிகளின் திருகு ஒன்று விழுந்திருக்கலாம். சக்கர உறையில் விரிசல் இருக்கலாம். இவற்றை நீங்களே பார்த்துக் குறித்துவைக்கலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், வாலுக்குப் போங்கள். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் பின்விளிம்பில் இருக்கும் டிரிம் டேபை (சிறு சரிசெய் பலகை) விரல்நுனியால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அந்தத் தளர்வு எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கையேட்டில் அளவு உண்டு. 2011 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவின் ரீனோ பந்தயத்தில், மாற்றியமைக்கப்பட்ட பி-51 விமானம் பார்வையாளர் பக்கம் விழுந்து விமானியுடன் சேர்த்து 11 பேர் இறந்தார்கள். டிரிம் டேபைப் பிடித்திருந்த திருகுகளின் பூட்டு நட்டுகள் தேய்ந்து பிடிப்பை இழந்ததும், அதனால் அமைப்பு தளர்ந்து படபடப்பு எழுந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. இளைய தொழில்நுட்பர்களிடம் இதற்காகவே மன்றாடுகிறேன்: கையால் முழுதும் திருகிவிட முடிகிற பூட்டு நட்டை மறுபடி போடாதீர்கள். அதன் விலை ஒரு கோப்பை தே தாரேக்குச் சமமாகக்கூட இராது.

அடுத்தது தண்ணீர். நம் ஊர் மழையில் வெளியே நிற்கும் விமானத்துக்கு இது தனிக் கவலை. எலிவேட்டர், ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பரப்பு), எய்லரான் (விமானத்தை உருட்டும் இறக்கைப் பரப்பு) ஆகியவற்றின் கீழ்விளிம்பில் இருக்கும் வடிதுளைகள் மெழுகாலோ தூசியாலோ பெயிண்டாலோ அடைபட்டால், உள்ளே தேங்கும் நீர் பரப்பின் பின்பகுதியைக் கனமாக்கி, முன்னிருக்கும் எதிரெடையை வீணாக்கிவிடும். பரப்பை மெல்ல அசைத்தால் சலசலப்புக் கேட்கும். பழைய செஸ்னாக்கள் சிலவற்றில் டிரிம் டேபினுள் நுரைப்பொருள் நிரப்பியிருப்பார்கள்; அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். விரலால் அழுத்தினால் பொதபொதக்கும்.

பெயிண்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விமானம் அண்மையில் நிறம் மாற்றப்பட்டிருந்தால், அசையும் பரப்புகளைக் கழற்றி மறுபடி சமநிலை பார்த்ததற்கான வரி பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். வரி இல்லையென்றால் வேலை நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடைசியாகக் கேபிள்களின் இறுக்கம். அலுமினிய உடல் வெயிலில் எஃகுக் கேபிளைவிட அதிகம் விரிவதால், மதியம் திறந்தவெளியில் அளந்தால் கேபிள் இறுக்கமாகத் தெரியும். அதை நம்பித் தளர்த்திவிட்டால், மேலே குளிர்ந்த காற்றில் தொளதொளவென்று ஆகிவிடும். விமானத்தை ஹேங்கருக்குள் நிறுத்தி வெப்பம் சீரான பிறகு அளப்பதே முறை. கீல்களின் தேய்வையும், எதிரெடையின் பிடிப்பையும், வாலின் ஸ்பாரில் (உள்ளே சுமை தாங்கும் உத்திரம்) விரிசல் இருக்கிறதா என்பதையும் பார்ப்பது பொறியாளர் வேலை. விரிசலைத் தேடச் சாயம் ஊடுருவும் சோதனையோ சுழல்மின்னோட்டச் சோதனையோ தேவைப்பட்டால், அதற்கென்று தகுதி பெற்ற ஆளையே அழைக்க வேண்டும்.

அறிகுறி 4: மஞ்சள் வளையத்தில் பலத்த குலுக்கல், அல்லது எந்த வேகத்திலும் உடல் வாரை மீறி எழுந்த அளவு குலுக்கல்

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் நோக்கி வந்த எஸ்கியூ321-ஐ நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. மியன்மார் வான்வெளியில், செங்குத்து முடுக்கம் 0.6 விநாடிக்குள் 1.35 ஜி-யிலிருந்து எதிர்மறை 1.5 ஜி-க்கு இறங்கி, அடுத்த 4 விநாடிக்குள் மறுபடி 1.5 ஜி-க்கு ஏறியதாகப் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு முதல்நிலை அறிக்கையில் சொன்னது. ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றார்கள். விமானம் பேங்காக்கில் பத்திரமாக இறங்கியது. மனிதர் தாங்காததை அந்தச் சட்டகம் தாங்கியது. ஆனால் பெரிய விமானங்களில் ஒவ்வோர் அசைவும் பதிவாகிறது. நம் சிறு விமானங்கள் பலவற்றில் ஜி-மானிகூடக் கிடையாது. விமானியின் வாய்ச்சொல்லே பதிவு.

*வேகம் எவ்வளவு, எடை எவ்வளவு?* 172எஸ்ஸில் சூழ்ச்சி வேகம் (கட்டுப்பாட்டை முழுதாக அசைத்தாலும் சட்டகம் தாங்கும் உச்ச வேகம்) முழு எடையான 2,550 பவுண்டில் 105 நாட். 1,900 பவுண்டில் 90 நாட்தான். தனியே பறக்கும் மாணவர், "விமானம் இலகுவாக இருக்கிறது, ஆகவே வேகமாகப் போகலாம்" என்று நினைப்பது நேர்மாறான எண்ணம். அந்த வேகத்துக்குள் இருந்தால் எதையும் செய்யலாம் என்பதும் தவறு. ஒரு கட்டுப்பாட்டை ஒரு திசையில் ஒருமுறை முழுதாக அசைப்பதற்கே அந்த எண் பொருந்தும். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஏ300-இன் வால் துடுப்பு, ரடரை இடமும் வலமுமாக மாறிமாறி மிதித்ததால் ஏறிய சுமையில் பிய்ந்து விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் மாண்டார்கள். அப்போது அந்த விமானம் சூழ்ச்சி வேகத்துக்குள்தான் இருந்தது.

*நீங்கள் பார்க்கக்கூடியவை.* கதவு முன்போல எளிதாக மூடுகிறதா என்று பாருங்கள்; திடீரென உரசினால் சட்டம் முறுக்கியிருக்கலாம். இறக்கையின் அடியில் நீலக் கறை தெரிந்தால் எரிபொருள் கசிகிறது. இறக்கையைத் தாங்கும் சாய்கோலின் இரு முனைகளிலும் பெயிண்ட் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இறக்கையின் மேற்புறத்தில், உடலை ஒட்டிய பகுதியில், சாய்வான சுருக்கம் இருந்தால் அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். இறக்கை நுனியிலிருந்து வால் நுனிவரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுவதும், இருக்கைகளைக் கழற்றிக் கீழே ஸ்பார் இணைப்பைப் பார்ப்பதும் பொறியாளரின் பொறுப்பு. அளவில் வேறுபாடு தெரிந்தால், அவரும் தனியே முடிவெடுக்காமல் தயாரிப்பாளருக்கு எழுதுவார். பதில் வர வாரங்கள் ஆகலாம்.

அறிகுறி 5: பறக்கவே இல்லை, ஆனால் காலையில் கட்டுப்பாடுகள் கடினமாக இருக்கின்றன

ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே, விடியலுக்கு முன் சுமத்ரா சூறைக்காற்று வந்துபோன நாள்களில் இதைக் காண்கிறோம். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் அந்தக் காற்று, பூட்டுப் போடாத எலிவேட்டரையும் ரடரையும், அவற்றின் அசைவை எல்லையில் தடுக்கும் நிறுத்தங்களில் மோதி மோதி அடிக்கும். காற்று பின்னாலிருந்து வந்தால் சேதம் இன்னும் அதிகம். சக்கரத்தைக் கடைசிவரை இழுத்தும் தள்ளியும், இரு முனைகளிலும் தெளிவாக நிற்கிறதா, இடையில் எங்கேனும் உரசுகிறதா என்று பாருங்கள். நிறுத்தம் வளைந்திருந்தாலோ, ரடரின் அடிப்பகுதிக் கொம்பில் மடிப்பு தெரிந்தாலோ, பறத்தலை நீக்கிவிட்டுக் கூப்பிடுங்கள்.

விமானம் உலோகத்தால் ஆனதல்ல என்றால்

டிஏ40 போன்ற கூட்டிழை விமானங்களில் மேலே சொன்ன சுருக்கமும் கறுப்புப் பொடியும் தோன்றா. அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தாலும் மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கணீரென்றும், பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். ஆனால் அந்த ஒலியைப் பிரித்தறியப் பழகிய காது வேண்டும். பழகாதவர் 'சரி' என்று தீர்ப்பளிக்கக்கூடாது. பெயிண்டில் மயிரிழை வெடிப்பு கண்டால் அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி எழுதுங்கள். வெயிலில் நெடுநேரம் நின்ற விமானமானால், பறக்குமுன் சட்டகத்தின் வெப்பநிலை கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிசின் சூடேறினால் வலு குறையும்.

யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சேதம் தெரிகிறது

மிகக் கடினமான நிலை இதுவே, ஏனெனில் எங்கே தொடங்குவது என்று தெரியாது. கடந்த பறத்தல்களின் எஸ்டி அட்டைப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, வேகமும் செங்குத்து முடுக்கமும் சேர்ந்து உயர்ந்த நாளைத் தேடுங்கள். அந்த நாளில் பறந்தவரைத் தனியே அழைத்து, "தம்பி, அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க, சோதிக்க வசதியா இருக்கும்" என்று கேளுங்கள். நான் இப்படிக் கேட்ட எவரும் பொய் சொன்னதில்லை. பதிவு கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை என்றால், 05-50 அத்தியாயத்தில் உள்ள வேக மீறல், பலத்த குலுக்கல், கடுந்தரையிறக்கம் ஆகிய மூன்று பட்டியல்களையும் முழுதாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. அவை முடிந்து கையெழுத்தாகும்வரை எரிபொருள் நிரப்பாமல், புரொப்பெல்லரில் சிவப்புப் பட்டையைக் கட்டி, சாவியைப் பொறியாளரின் பெட்டியில் வைத்துவிடுங்கள்.